நாங்களே எழுதிக் கொடுத்த ரேட்

என் கணவரின் ஒரு நாள் எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டவள் நான்தான். வேறு யாராவது போட்டிருந்தால் அவர்களைத் திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள், சந்தையில் மீன்காரரின் கணக்கையே நின்ற நிலையில் திருத்துகிறவள், நானா பிழை விடுவேன் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லைத்தான். இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

அவர் வேலை செய்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. சீனன்குடாப் பக்கம், கம்பிவேலிக்குள் இருந்த ஒரு பெரிய நிலையம் என்றால் போதும். பம்பிகள், ஜெனரேட்டர்கள், குழாய்கள், இவற்றைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஊரில் எல்லோரும் அவரை எஞ்சினியர் என்றார்கள். நியமனக் கடிதத்தில் இருந்தது அதற்கு ஒரு படி கீழே. கேட்கிறவர்களுக்கு அவர் திருத்திச் சொல்லுவார். நான் திருத்துவதில்லை. எஞ்சினியரின் மனைவியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கலியாணம் முடித்த முதல் ஐந்தாறு வருடம் நாங்கள் ஒரு வீட்டில் இருந்ததில்லை. எனக்கு வெருகல் பக்கத்துப் பாடசாலையில் வேலை, அவருக்கு இங்கே. சனிக்கிழமை மூதூருக்கு லாஞ்சிப் படகு எடுத்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பொழுதுபட வந்து சேருவார். அடுத்த நாள் மத்தியானச் சோறு இறங்குவதற்குள் திரும்பிவிடுவார். மாரி பிறந்து வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. மூத்தவள் நடக்கத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை. பேச்சு வந்தபோது அவரை அவள் "மாமா" என்று கூப்பிட்டாள். ஊரில் வேட்டி கட்டிக்கொண்டு வந்துபோகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மாமாதானே. அவர் சிரித்தார். லாஞ்சியில் திரும்பிப் போகும்போது அழுதாராம், பல காலம் கழித்து என்னிடம் சொன்னார்.

ஒருவழியாக எனக்கு நகரத்துக்கு மாற்றம் கிடைத்தது. சாமான்களை இறக்கிய அன்றைக்கே, இனிச் செத்தாலும் ஒரு கூரைக்குக் கீழேதான் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். அதைச் சத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் வைத்திருந்தோம்.

எழுபதுகளின் கடைசியில் நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நிரந்தர வேலைகளில் பாதியை நிறுத்தப் போகிறார்கள், விரும்புகிறவர்கள் நட்டஈட்டை வாங்கிக்கொண்டு விலகி, அடுத்த நாளே கொந்தராத்தில், நாட்கூலி ஒப்பந்தத்தில், அதே வேலைக்கு வரலாம் என்றார்கள். விரும்புகிறவர்கள் என்பது சும்மா மரியாதைக்கு. மேலே இருந்த அதிகாரி நல்ல கதைகாரர். "வேலை அதேதான், மெஷினும் அதேதான். ஒரு நாளுக்கு என்ன ரேட் எண்டு நீங்களே எழுதித் தாங்கோ" என்றாராம். வருடக்கணக்காக மற்றவன் எழுதிய சம்பளத்தை வாங்கினவர்களுக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயாசம் வைக்காத குறைதான்.

இன்னொரு வழியும் இருந்தது. பட்டறையில் அவருக்குக் கீழே வேலை பழகி, அவரைச் 'சேர்' என்றே கூப்பிடுகிற ஒருவர் குவைத்துக்குப் போயிருந்தார். அங்கே ஆள் தேவை, சேர் ஒரு சொல் சொன்னால் காணும், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் திருகோணமலையில் பாதி வீட்டில் அரபு நாட்டுக் கதைதான். ஆகவே எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. ரேட் சரியாக அமைந்தால் அவர் வீட்டில் இருப்பார். அமையாவிட்டால் குவைத். நான் கணக்குப் போட உட்கார்ந்தது அதற்காகத்தான்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய சோதனைத் தாளின் பின்பக்கத்தில் தொடங்கினேன். மாதச் சம்பளத்தை வேலைநாளால் பிரித்து, வந்ததைத்தான் எழுதிக் கொடுக்க அவர் நினைத்திருந்தார்.

"அப்ப ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும்? காய்ச்சல் வந்து படுத்தால்?" என்று கேட்டேன்.

"படுக்க மாட்டன்."

"பென்ஷன்?"

நான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனேன். லீவு, மருத்துவம், சேமலாப நிதி, இனிச் சொந்தக் காசில் வாங்க வேண்டிய ஸ்பேனர்கள், நிலையத்து பஸ்ஸில் ஏறேலாது என்பதால் பஸ் காசு, மாரி மழைக்கு நிற்கிற நாட்கள். கடைசியில் கைகழுவுகிற சவர்க்காரமும் போட்டேன். இவ்வளவு நாளும் கிறீஸ் கையைக் கழுவ நிலையத்துச் சவர்க்காரம் இருந்ததே.

"சவர்க்காரத்தையும் போட்டால் சிரிப்பாங்கள்" என்றார்.

"சிரிக்கட்டும். ரேட்டிலை ஆருக்குத் தெரியப் போகுது, அதுக்குள்ளை சவர்க்காரம் கிடக்குது எண்டு?"

விடை வந்ததும் அவர் பயந்துபோனார். இவ்வளவைக் கேட்டால் வாயில் அடிப்பார்கள், நீர் கொஞ்சம் குறையும் என்றார். நான் குறைக்க மாட்டேன் என்றேன். கேட்கத் துணிவில்லாதவர் வீட்டில் இருக்கலாம் என்றும் சொன்னேன், எனக்கு வாய் நீளம். இரண்டு நாள் சண்டை பிடித்து, சவர்க்காரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சர் கிண்ணியாவிலிருந்து தினமும் வருவா. அந்த நாளில் பாலம் இல்லை, துறையில் மிதவைக்காகக் காத்து நின்று, ஏறிக் கடந்து, பிறகு பஸ் எடுக்க வேண்டும். மிதவையை நாங்கள் பாதை என்போம். இந்தக் கணக்கை நான் பெருமையாகக் காட்டியபோது, தாளை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு அவ கேட்டா:

"எல்லாம் போட்டிருக்கீங்க ரீச்சர். காத்து நிக்கிறதுக்கு என்ன போட்டீங்க?"

"எங்கை காத்து நிக்கிறது? அவருக்கென்ன, பாதை கடக்கிற வேலையோ?" என்று நான் சிரித்தேன். அவவும் சிரித்துவிட்டுத் தாளைத் தந்தா.

ரேட்டை எழுதிக் கொடுத்தார். ஒரு சதம் குறைக்காமல் அன்றைக்கே ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்ட விலைக்கு மீன்காரர் பேசாமல் தந்தால் மீனை முகர்ந்து பார்ப்போம். அன்றைக்கு முகர வேண்டும் என்று தோன்றவில்லை. பட்டறைப் புத்தகத்தில் கையெழுத்து வைத்த நேரத்திலிருந்து திரும்ப வைக்கும் நேரம்வரை கணக்கு, குறைந்தால் மணித்தியாலத்தால் வெட்டு என்று ஒரு வரி இருந்தது. அவர் ஒருநாளும் பிந்திப் போனவர் இல்லை. அந்த வரியை இரண்டு பேரும் வாசித்தோம், இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

முதல் மாதக் காசு நான் போட்டதில் முக்கால்வாசிதான் வந்தது. வேலை குறைவு என்றார். அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. மெஷின்களை நீங்கள்தான் இவ்வளவு காலமும் ஒழுங்காக வைத்திருந்தீர்கள், இப்போது பழுதாகமாட்டேன் என்கிறதாக்கும் என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் முன்பு போகிற நேரத்துக்கே போனார், முன்பு வருகிற நேரத்துக்கே வந்தார். முகம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் என்றார். பட்டறைக்குள் என்ன வெயில் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் சோற்றுப் பார்சலை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பாடசாலை விடுமுறை, எனக்கும் வேலை இல்லை. பஸ் ஏறிச் சீனன்குடாவுக்குப் போனேன். கேற்றில் வாச்சரிடம் கொடுத்தால் உள்ளே அனுப்புவார் என்று நினைத்தேன். கேற்றுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில், தன்னுடைய சாமான் பெட்டியின் மேல் என் கணவர் உட்கார்ந்திருந்தார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் உள்ளே போகவில்லை.

என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். களவு செய்து பிடிபட்ட ஆள் மாதிரி நின்றார்.

"ஏன் இஞ்சை இருக்கிறியள்?"

"பாஸ் வரேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிரந்தர வேலையில் இருந்தபோது அவர் வந்த பஸ்ஸுக்குக் கேற்றுத் தடியைத் தூக்கி, சலாம் வைத்து விட்டவர்கள். கொந்தராத்துக்காரருக்கு ஒவ்வொரு நாளும் புதுப் பாஸ். வாச்சர் பட்டறைக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும், அங்கே பொறுப்பானவர் இருக்க வேண்டும், இருந்தால் அவர் இன்னோர் இடத்துக்குக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எழுதுவார்கள். பின்னேரம் வெளியே வரும்போது திரும்ப ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நாடும் அப்போது கெட்டுக்கொண்டு வந்தது. எங்கள் தமிழ்ப் பெயர்களைக் கேட்டால் இன்னும் ஒரு ரெலிபோன் எடுத்தார்கள். உள்ளே போய்க் கையெழுத்து வைக்கும்போது நாளில் பாதி முடிந்துவிடும். அந்த மிச்சப் பாதிக்குத்தான் ரேட்.

வாச்சர் தெரிந்த மனிதர். அவருடைய சைக்கிளை என் கணவர் எத்தனையோ தரம் திருத்திக் கொடுத்திருக்கிறார். "மிஸ், எனக்கும் வெக்கம்தான். நான் விட ஏலாது" என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

எல்லாவற்றையும் போட்டேன். காய்ச்சலைப் போட்டேன், மழையைப் போட்டேன், சவர்க்காரத்தைக்கூடப் போட்டேன். கேற்றை நான் போடவில்லை. இத்தனை வருடமாகத் தானாகத் திறந்த ஒன்றை ஒரு செலவு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே மனதில் பிரித்துப் பார்த்தேன். கேற்றில் நின்ற நேரத்தையும் சேர்த்தால், விட்டுவிட்டு வந்த சம்பளத்தைவிட இது குறைவு. பென்ஷனும் இல்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஜீப் வந்தது. அந்த நல்ல கதைகார அதிகாரி. நான் நடுரோட்டில் போய் நின்று மறித்தேன். என் கணவர் "இஞ்சேரும், வேண்டாம்" என்று பின்னால் வந்தார். நான் கேட்கவில்லை.

"இவர் விடியத் தொடக்கம் இதிலை நிக்கிறார். இதுக்கு ஆர் காசு தாறது?" என்றேன்.

அவர் இறங்கினார், மரியாதையாகத்தான் பேசினார். "ரீச்சர், ரேட் நாங்கள் போட்டதில்லையே. நீங்கள் எழுதித் தந்ததை ஒரு சொல்லும் சொல்லாமல் ஒத்துக்கொண்டனாங்கள். உள்ளுக்கு வந்தால்தானே வேலை. வெளியிலை நிக்கிற ஆளுக்கு நாங்கள் எந்தக் கணக்கிலை குடுக்கிறது?"

"அப்ப ரேட்டை மாத்தி எழுதித் தாறம்."

"ஒப்பந்தம் முடியட்டும். பிறகு பாப்பம்." ஜீப்பில் ஏறும்போது என் கணவரைப் பார்த்து, உதவி செய்கிறவர் மாதிரி ஒன்று சொன்னார். கூலியாட்களை லொறியில் ஏற்றி வருகிற கொந்தராத்துக்காரருக்கு மாதப் பாஸ் இருக்கிறது, அவருடைய ஆளாக வந்தால் கேற்றில் நிற்கத் தேவையில்லை என்றார். அந்தக் கொந்தராத்துக்காரர் முன்பு நிலையத்துக் களஞ்சியத்தில் நட்டும் ஆணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

அன்றைக்கு என் கணவர் உள்ளே போகவில்லை, என்னோடு பஸ் ஏறித் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, பார்சலைப் பிரித்து, புளித்துப்போன சோற்றை அப்படியே சாப்பிட்டார்.

அந்தக் கிழமையே குவைத்திலிருந்து திரும்ப ஆள் வந்தது. இதுதான் கடைசி, இனி இடம் இருக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் கணவர் பின்னேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, துவாயைத் தோளில் போட்டபடி குசினி வாசலில் நின்றார்.

"போட்டு வாறனே. ரெண்டு வரிசம்தானே" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அவள் உங்களை மாமா எண்டு கூப்பிட்டது மறந்து போச்சோ?"

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். "சரி, போகேல்லை" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை பொரித்தேன்.

அடுத்த மாதம் அவர் லொறியில் போகத் தொடங்கினார். இந்தமுறை ரேட் என்ன என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கொந்தராத்துக்காரர் சொன்னார், இவர் வாங்கினார். அது நான் போட்ட கணக்கின் பக்கத்திலும் வராது, ஆனால் கேற்றில் வெட்டுப்படாது. முன் ஆசனம் கொந்தராத்துக்காரரின் மைத்துனருக்கு. என் கணவர் பின்னால் நின்றபடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். தாங்கித் தொட்டிகளில் துரு சுரண்டும் வேலை கொடுத்தார்கள். பம்பி பழுதானால் மட்டும், அங்கே அதைத் தொடத் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதால், சுரண்டுகிற கையோடு அவரைக் கூப்பிடுவார்கள். திருத்திக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து சுரண்டுவார். அதற்குத் தனி ரேட் இல்லை. கேளுங்கோவன் என்று நான் ஒருக்கால் சொன்னேன். "இனிக் கேக்கிறதுக்கு என்னட்டை ஒண்டும் இல்லை" என்றார்.

வீட்டில்தான் இருந்தார். அதைத்தானே நான் கேட்டேன். பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருப்பார், கணக்கு ஏதாவது கேட்டால் அம்மாவிடம் கேள் என்பார். முன்பு வானொலியில் ஒரு இரைச்சல் வந்தால்கூட மூடியைக் கழற்றிப் பார்க்கிறவர், அது நின்றே போனபோதும் எழும்பவில்லை. இரவில் இருமினார். துரு நெஞ்சுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதான்.

குவைத்தில் இருந்த அந்த மனிதர் லீவில் வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், பழக்கம் மறக்காதவர். சலவைச் சேர்ட், கையில் மணிக்கூடு, பிள்ளைகளுக்கு ஒரு ரின் சொக்கலேற். பெரிய கதிரையைக் கொடுத்தும் உட்காராமல் சின்னதில் உட்கார்ந்தார், அது சேருடைய கதிரை என்று. தன் மனைவியின் கழுத்துக்குச் செய்த சங்கிலியைப் பற்றி நான் கேட்டுத்தான் சொன்னார், தானாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு மேல்மாடி போடுகிறாராம். இன்னும் ஒரு தடவை போய்வந்தால் காணும், பிறகு இங்கேயே ஒரு பட்டறை போடுவேன் என்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்கை முனையில் லொறி நின்ற சத்தம் கேட்டது. என் கணவர் உள்ளே வந்தார். தலைமயிர், புருவம், காது எல்லாம் செம்மண்ணில் புரண்டெழுந்த மாதிரித் துரு. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வந்தவர் சட்டென்று எழும்பி நின்று, "சேர்" என்றார். கையைக் கொடுக்க நீட்டினார். என் கணவர் தன் கையைப் பார்த்துவிட்டு, பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் இருவரையும் பார்த்தேன். ஒருவரைப் பார்த்து, மற்றவரைப் பார்த்தேன். போயிருக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்தான். அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்த இத்தனை காலத்திலும் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. வந்தபோது என் கணவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எதுவும் ஒளியாது, பிள்ளைகளே சொல்லுவார்கள்.

"இருங்கோ, குளிச்சிட்டு வாறன்" என்று வந்தவரிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டது. வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பிறகு வருகிறேன் என்று எழும்பிவிட்டார்.

நீங்கள் போகாதது எவ்வளவு நல்லது என்று அதற்குப் பிறகு அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சோறு போடும்போது சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.